விரியும் சாப்பாட்டு மேசை: ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் மூன்று குறையும்

மேசை முடிந்து, பாலிஷும் காய்ந்து, எட்டுப் பேரை உட்கார வைத்த முதல் நாளே நான்கு பேர் மேசைக் காலை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலியை ஒரு சாண் இடப்பக்கம், அப்புறம் ஒரு சாண் வலப்பக்கம் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், எனக்கோ அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஐந்து மாத வேலை. அளவெடுக்காத இடமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

இது அந்த மேசையின் கதை. என்ன திட்டமிட்டேன், எங்கே சறுக்கினேன், எதைப் பிரித்துத் திரும்பச் செய்தேன், எதை அப்படியே விட்டுவிட்டேன் என்பதைச் சொல்கிறேன். நான் தொழில்முறைத் தச்சன் இல்லை, ஓய்வு நேரத்தில் மரவேலை செய்பவன்.

தேவை எளிமையானதுதான். தினமும் நான்கு பேர், எப்போதாவது எட்டுப் பேர். அறை அகலம் போதாது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 75 செ.மீ.யாவது வேண்டும் என்பதால் பெரிய மேசையை நிரந்தரமாகப் போட முடியாது. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 60 செ.மீ. அகலம் வேண்டும். எனவே மூடியிருக்கும்போது 1350 மி.மீ. நீளம், விரித்தால் 1800; அகலம் எப்போதும் 900. இடையில் நுழையும் நடுப்பலகை 450 மி.மீ. அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்கும் வகை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், ஏனென்றால் கழற்றி வைக்கும் பலகை இரண்டாவது தடவைக்குப் பிறகு வெளியே வருவதே இல்லை.

விரியும் மேசை புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கில்லோ 1800இல் இழுத்து நீட்டும் மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். 1835இல் ராபர்ட் ஜூப் வாங்கியது இன்னும் அழகானது: வட்ட மேசையைச் சுழற்றினால் துண்டுகள் வெளிப்பக்கம் விலகும், இடைவெளிகளில் பலகைகளைச் செருக வேண்டும். அந்தச் செருகு பலகைகள் வேறிடத்தில் இருக்கும். பலகை மேசைக்குள்ளேயே மடிந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்றால்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது பட்டாம்பூச்சி வகை. மேல்பலகை குறுக்காக இரண்டு பாதியாக வெட்டப்பட்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகரும். இடைவெளி திறந்ததும், மேசைக்கடியில் பொருத்திய அடித்தட்டில் புத்தகம்போல மடிந்து கிடக்கும் நடுப்பலகை தெரியும். அதைத் தூக்கி, இரண்டு சிறகையும் விரித்துப் போட்டு, பாதிகளைத் திரும்பத் தள்ளினால் சரி. மடிப்புக்கோடு மேசையின் நீளவாக்கில் நடுவே ஓடும். வேறு வழியும் இல்லை: பலகையின் முழு நீளம் 900, ஆனால் கால்களை இணைக்கும் பக்கச்சட்டங்களுக்கு இடையே இருப்பது 760தான். நடுவில் மடித்து 450க்கு 450 சதுரமாக்கினால்தான் உள்ளே போகும்.

முதல் வரைபடத்தை, முப்பது வருடம் தச்சு வேலை பார்த்த ஒரு அண்ணனிடம் காட்டினேன். மேல்பலகை, கால், விளிம்பு வளைவு எல்லாம் வரைந்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, மேல்பலகையை அப்புறம் பாத்துக்கலாம். மடிச்ச பலகை எங்க படுக்கும்னு முதல்ல சொல்லு" என்றார். "உள்ளதான் அண்ணே, இடம் இருக்கு" என்றேன். "இருக்கா, அளந்தியா?" என்று கேட்டார். அளந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மேசை உயரம் 750. கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேல்பலகைத் தடிமன் 30 வைத்திருந்தேன். அதன் அடிமட்டம் 720இல். மடித்த பலகை 30+30, மேலும் கீழும் உரசாமலிருக்க 10 சேர்த்தால் 650க்கு இறங்கிவிடும். தட்டுக்கு 9 மி.மீ. ப்ளைவுட், 641. தட்டைத் தாங்கும் கட்டை 25, ஆக 616. இவ்வளவையும் மறைக்கப் பக்கச்சட்டமும் அதே 616 வரை இறங்க வேண்டும். நாற்காலி இருக்கை 450; அதன்மேல் தொடைக்கு 150 முதல் 180 வரை வேண்டும். அதாவது சட்டம் தொடையில் உட்காரும்.

அப்போதுதான் புரிந்தது, இந்த மேசையில் பலகைத் தடிமன் மூன்று தடவை எண்ணப்படுகிறது. மேல்பலகையாக ஒரு தடவை, மடித்த நடுப்பலகையாக இரண்டு தடவை. ஒரு மி.மீ. கூட்டினால் முழங்காலுக்கு மூன்று மி.மீ. போய்விடும். 30ஐ 22 ஆக்கினேன். அதிலேயே 24 மி.மீ. திரும்பி வந்தது. கட்டையை எடுத்துவிட்டு, 6 மி.மீ. ப்ளைவுட்டைச் சட்டத்தின் உட்புறம் காடி, அதாவது நீளப் பள்ளம், போட்டு அதில் செருகினேன். சட்டத்தின் அடி 660இல் நின்றது. மொத்தம் 44 மி.மீ. லாபம். கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு, விளிம்பின் கீழே சரிவாக இழைப்பதற்குப் பதிலாக அதே மரத்தில் ஒரு பட்டி ஒட்டினேன், பார்ப்பவர்கள் 35 மி.மீ. பலகை என்றே நினைக்கிறார்கள்.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. பக்கச்சட்டத்தின் ஆழம் 68 மி.மீ.யாகச் சுருங்கியது. காலுக்குள் செருகச் சட்டத்தின் முனையில் செதுக்கும் கழுந்தின் உயரமும் அவ்வளவுதான். கால் ஆடாமல் பிடித்துக்கொள்வது அந்த உயரம்தான், எனவே நான்கு மூலையிலும் உட்புறம் முக்கோணக் கட்டை வைத்து ஸ்க்ரூ போட்டேன். ஓரளவு நின்றது. முழுதாக இல்லை.

நடுப்பலகையின் கீல் எங்கே வர வேண்டும் என்பதில் ஒரு வாரம் போனது. மேல்முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்தால் பாலிஷ் பத்திரமாக இருக்கும். ஆனால் கீலின் அச்சு மேல்பக்கம் வரும், அல்லது விளிம்புக்குள் புதைக்கும் மறைகீல் வேண்டும். அடிமுகங்கள் சேரும்படி மடித்தால் சாதாரணக் கீலே போதும், கண்ணிலும் படாது, ஆனால் பாலிஷ் போட்ட முகம் தட்டில் உரசும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு இல்லை. விரித்த பலகை இரண்டு பக்கச்சட்டங்களின் மேல் மட்டும் கிடக்கும், நடுவில் தாங்கல் வைத்தால் மடித்த பலகையை மேலே எடுக்க வழி மறையும். அப்போது நடுவில் ஒருவர் முழங்கையை ஊன்றினால் பலகையின் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் பிரியப் பார்க்கும். கீல் அடியில் இருந்தால் அது பிரிய விடாது, மேல்விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். அழுத்த அழுத்த இறுகும். கீல் மேலே இருந்தால் அழுத்த அழுத்த வாய் பிளக்கும். தட்டில் கம்பளித் துணி ஒட்டியதோடு உரசல் பிரச்சினை தீர்ந்தது. கீலின் ஊசி, பலகையின் அடிமட்டத்தோடு சரியாகப் பொருந்தும் ஆழத்தில் பதிய வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆழம் கூடினால் மடிக்கும்போது பலகைகள் முன்பே முட்டிக்கொண்டு ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

தூக்கி விரிக்க ஸ்ப்ரிங், நெம்புகோல் எதுவும் வைக்கவில்லை. 900க்கு 450, 22 மி.மீ. தேக்கு என்றால் ஆறு கிலோவுக்கும் குறைவு. அதற்கு இயந்திரம் எதற்கு?

இனி நகரும் பகுதி. முதலில் டிராயருக்குப் போடும் பால்பேரிங் சேனலைத்தான் வாங்கினேன். பக்கவாட்டில் நிறுத்திப் பொருத்தும்போது அது நன்றாக எடை தாங்கும், படுக்கவைத்தால் தாங்கும் எடை வெகுவாகக் குறையும் என்பதால் நிறுத்தித்தான் பொருத்தினேன். பிரச்சினை வேறு. சேனலுக்குள் அரை மி.மீ. ஆட்டம் இருந்தது. விரித்த நிலையில் சேனலின் 250 மி.மீ. மட்டுமே ஒன்றுக்குள் ஒன்று பிடித்திருக்கும், பலகை முனையோ அதைத் தாண்டி வெளியே நிற்கும், ஆகவே உள்ளே இருந்த அரை மி.மீ. முனையில் ஒரு மி.மீ.யாகத் தொங்கியது. கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் நடுப்பலகை சேருமிடத்தில் படி தெரியும்.

சேனலைக் கழற்றிவிட்டு மரத்திலேயே செய்தேன். பக்கச்சட்டத்தின் உள்முகத்தில் நீளமான காடி, மேல்பலகையின் அடியில் திருகிய ஓடுசட்டத்தில் அதற்கேற்ற நாக்கு, உரசும் இடங்களில் மெழுகு. எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும். இரண்டு காடிகளும் இணையாக இருப்பதுதான் உயிர். டேப்பால் அளந்தபோது ஒரு மி.மீ. பிசகி, பாதி தூரத்தில் இறுகியது. அப்புறம் ஒரு குச்சியைச் சரியான நீளத்துக்கு வெட்டி, அதை இரண்டு சட்டத்துக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தபடியே பொருத்தினேன், பிசகவில்லை. இன்னொன்று, ஓடுசட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிமுனைப் பக்கம் ஒரு தடித்த காகிதத் துண்டைச் செருகி, பலகை முனையை இம்மியளவு தூக்கி வைத்தேன். பாரம் வந்ததும் அது மட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டு பாதியும் ஒன்றாக நகர, சட்டத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு கப்பி வைத்து அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய இரும்புக் கயிற்றை வளையமாகப் போட்டேன். வளையத்தின் ஒரு இழையில் ஒரு பாதி, எதிர் இழையில் மற்றப் பாதி. ஒன்றை இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் தானாகப் போகும். முழு மேசையிலும் ஒரே தடவையில் சரியாக வந்தது இது மட்டும்தான். இடைவெளி 475 வரை திறக்கும். 450 பலகையும் அதன் விளிம்பில் நீட்டியிருந்து பாதிகளின் துளைகளில் பொருந்தும் மர முளைகளும் தாராளமாக வெளியே வரும், பிறகு தள்ளி மூடிக்கொள்ளலாம்.

முளைகளில் ஒரு சின்னத் தவறு நடந்தது. 10 மி.மீ. முளைகள், மூன்று. துளைகளுக்குக் குறி போடும்போது பாதிப்பலகையில் மேல்முகத்திலிருந்து அளந்தேன், நடுப்பலகையில் கை வசதிக்காக அடிமுகத்திலிருந்து. இரண்டும் 22 மி.மீ. என்று நம்பினேன். இழைத்த பலகைகள் அப்படி இருப்பதில்லை, ஒன்று 22.6. மேலே அந்த 0.6 மி.மீ. படியாக வந்து நின்றது. துளைகளை அடைத்து, எல்லாவற்றையும் மேல்முகத்திலிருந்தே அளந்து மறுபடி துளைத்தேன். அடியில் எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது இந்தக் கதையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன், மரம்.

மர ரேகை தொடர்ச்சியாக வர வேண்டும் என்பதற்காக முதலில் 1800க்குக் கொஞ்சம் கூடுதலான ஒரே பலகையாக ஒட்டி, இழைத்து, பிறகு மூன்றாக வெட்டினேன். ரேகை மேசையின் நீளவாக்கில். பார்க்க அருமை. நடுப்பலகையைப் பிறகு நடுவே இரண்டாக அறுத்தேன், கீல் போட்டேன், விரித்தேன். பக்க விளிம்பு இரண்டிலும் நடுப்பலகை கொஞ்சம் உள்ளே வாங்கியிருந்தது. ஈரப்பதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டுக்குள் அடைந்து கிடக்கும் பலகைக்கும் காற்றில் இருக்கும் மேல்பலகைக்கும் ஈரம் ஒன்றுபோல் இருக்காதே.

சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை விரித்து அளந்து எழுதிவைத்தேன். காற்றில் ஈரம் கூடிய மாதங்களில் நடுப்பலகை மொத்தம் 5 மி.மீ. வரை குறைவு, வறண்ட மாதங்களில் 1.5. ஒருமுறைகூட சரிசமமாக வரவில்லை, கூடுதலாகவும் போகவில்லை. ஈரம் மட்டுமே காரணம் என்றால் ஏறி இறங்கும்போது ஒரு தடவையாவது மறுபக்கம் போயிருக்க வேண்டும் அல்லவா? நடுவில் எங்கோ 3 மி.மீ. நிரந்தரமாகக் காணாமல் போயிருந்தது. மூன்று நாள் யோசித்துவிட்டு ரம்பத்தைப் பார்த்தேன். அலகின் வெட்டு 3 மி.மீ. நடுப்பலகையை நடுவே அறுத்தபோது அந்த 3 மி.மீ. தூளாகிப் போய்விட்டது, 900 பலகை 897 ஆகிவிட்டது. நீளத்தை மூன்றாக வெட்டியபோது அந்த இழப்பை யோசித்துக் கூடுதல் விட்டவன், குறுக்கு அகலத்தில் மறந்துவிட்டேன்.

சரிசெய்தது எளிது. மடிப்பு விளிம்பில் ஒரு சிறகில் 3 மி.மீ. கறுத்த மரப் பட்டி ஒட்டினேன். அந்த விளிம்பு ரேகையோடு ஓடுவதால் பசை நன்றாகப் பிடித்தது. நடுவே ஒரு கறுப்புக் கோடு வந்தது. வேண்டுமென்றே வைத்த அலங்காரம் என்று நினைத்து இரண்டு பேர் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. புதிதாகச் செய்பவர்கள் நடுப்பலகையை 5 மி.மீ. கூடுதல் நீளமாக விட்டு, அறுத்து, கீல் போட்டு, விரித்துப் பொருத்திய பிறகு விளிம்பைச் சீவுங்கள்.

மீதிக் கூடுதல் குறைவு மரத்தின் குணம். பச்சை மரம் முழுதாக உலரும்போது தேக்கு, வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும், நடுத்தண்டிலிருந்து வெளிப்பக்கமான திசையில் 2.5. மற்ற மரங்களோடு பார்த்தால் இது குறைவு, பீச் மரம் இதைப்போல இரண்டு மடங்கு சுருங்கும். ரேகையின் நீளத்தில் எந்த மரமும் அசைவது கண்ணுக்குத் தெரியாது. தேக்கில் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் 900 மி.மீ. அகலத்தில் 1.7 மி.மீ. வரை அசையும். மேல்பலகைக்கும் தட்டில் கிடப்பதற்கும் ஒரு சதவீத வித்தியாசம் வந்தாலே விரல் நுனி கண்டுபிடித்துவிடும்.

இதே காரணத்தால் இன்னொரு தொல்லையும் வந்தது. ஈர மாதமொன்றில் மேசை திறக்கவே மறுத்தது. மேல்பலகை அகலத்தில் விரிந்து, அதில் திருகியிருந்த இரண்டு ஓடுசட்டங்களையும் வெளிப்பக்கம் தள்ளிவிட்டிருந்தது. நாக்கு காடியில் இறுகிவிட்டது. ஒரு பக்க ஓடுசட்டத்தின் ஸ்க்ரூ துளைகளை மட்டும் நீள்வட்டமாக்கினேன், பலகை அதன்மேல் வழுக்கிக்கொள்ளலாம். முளைகளுக்கும் அதே வைத்தியம்: நடு முளைக்குத் துளை இறுக்கமாக, ஓர முளைகளுக்கு நீள்வட்டமாக.

உண்மையில் ரேகையைக் குறுக்காக, 900 மி.மீ. பக்கத்தில் ஓடவிட்டிருந்தால் இந்த மூன்று தொல்லையும் இருந்திருக்காது. அசைவெல்லாம் மேசையின் நீளத்தில் போயிருக்கும், அங்கே பாதிகள் எப்படியும் நகர்பவைதானே. பக்க விளிம்பு வருடம் முழுவதும் ஒரே கோட்டில் நின்றிருக்கும். ஓடுசட்டத்தில் மட்டும் நீள்வட்டத் துளைகளை நீளவாக்கில் போட வேண்டியிருக்கும். அழகு கொஞ்சம் குறையும், அடுத்த மேசையில் குறைந்தாலும் பரவாயில்லை. வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய ப்ளைவுட் எடுத்தால் இந்தப் பேச்சே வேண்டாம், ஆனால் எனக்கு அதை இழைக்கும் சுகம் கிடைக்காது. இந்த மேசையில் செய்ததெல்லாம், மூன்று பலகைகளின் மேல்விளிம்பையும் 4 மி.மீ. உருட்டி, நடுப்பலகையின் அடிமுகத்துக்கும் மேல்முகத்துக்குச் சமமாக வார்னிஷ் அடித்ததுதான். முன்பு அடியில் ஒரே ஒரு பூச்சுதான் அடித்திருந்தேன். வார்னிஷ் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். இப்போது வித்தியாசம் மோசமான மாதத்தில்கூட 2 மி.மீ.யைத் தாண்டவில்லை, உருட்டிய விளிம்பில் அது தெரிவதில்லை.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக இழைத்த தேக்கு வெளிச்சம் பட்டுத்தான் பொன்னிறத்துக்கு வரும். இருட்டில் கிடந்த நடுப்பலகை அப்படியே பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. முதல் இரண்டு மாதம் மேசையை விரித்தே வைத்திருந்திருக்க வேண்டும். பிறகு அப்படி வைத்துத்தான் சமன் செய்தேன்.

சரி, கால் விஷயம். மூடிய மேசையில் கால்கள் முனையிலிருந்து 75 மி.மீ. உள்ளே. விரித்ததும் பலகைகள் இருபக்கமும் 225 நீள, கால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும், முனையிலிருந்து சரியாக 300இல். ஒருவருக்கு 600 என்று பிரித்தால் ஓரத்தில் உட்காருபவரின் நடுமையம் அதே 300. நான் வேண்டுமென்றே குறிபார்த்து வைத்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது. மேசை எட்டுப் பேருக்கு என்று சொல்லிக்கொண்டு, மூடிய நிலையில் மட்டும் நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறேன்.

கால்கள் பலகையோடு சேர்ந்து நகரும்படி செய்யலாம், ஆனால் சட்டத்தையும் இரண்டாக வெட்ட வேண்டும், பாரம் முழுவதும் ஓடுசட்டங்களின்மேல் வந்து நடுவில் தொய்யும். அதனால் நான்கு காலையும் அறுத்துவிட்டு, நடுக்கோட்டில் 1000 மி.மீ. இடைவெளியில் இரண்டு தூண் நிறுத்தினேன். தரையில் ஒவ்வொன்றுக்கும் 700 மி.மீ. குறுக்குக் கட்டை, இரண்டு தூணையும் இணைக்கத் தாழ்வாக ஒரு நீளக் கட்டை. ஆழமில்லாத சட்டத்தால் இருந்த ஆட்டமும் இதில் நின்றுவிட்டது.

இழப்பும் உண்டு. மேசை மொத்த எடை 47 கிலோ. முன்பு விரித்த மேசையின் முனை காலைத் தாண்டி 300 மி.மீ.தான் நீட்டியிருந்தது, கவிழ்க்க அந்த முனையில் 94 கிலோ அழுத்த வேண்டும். இப்போது 400 நீட்டுகிறது, தூண் நடுவிலிருந்து 500இல், எனவே 59 கிலோ போதும். கையை ஊன்றி எழுந்தால் ஒன்றும் ஆகாது. யாராவது முனையில் ஏறி உட்கார்ந்தால் ஆகும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், குழந்தைகளிடம் இரண்டு தடவை. விரல் நசுங்காமலிருக்கப் பெரியவர்கள்தான் விரிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சொன்னதில் சேர்த்தி.

கடைசியாகப் போட்டது இரண்டு பெட்டித் தாழ்ப்பாள்கள், அடியில், ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்று. அது இல்லாமல் நான்கு பேர் சாய்ந்து பேசினால் இடைவெளி மெல்ல விலகி உணவுத் துணுக்குகள் அடித்தட்டுக்குள் விழுந்தன. அடித்தட்டைச் சுத்தம் செய்யக் கழற்றும் வழி வைக்கவில்லை. அந்தக் காடியின் ஒரு முனையை இந்த மாதம் திறந்துவிட வேண்டும்.

அண்ணன் வந்து பார்த்தார். விரித்தார், மடித்தார், குனிந்து அடியில் பார்த்தார். "படுக்கிறதுக்கு இடம் வச்சிட்ட" என்றார். அப்புறம் நடுவே இருந்த கறுப்புக் கோட்டை விரலால் தடவிவிட்டு, "ரம்பத் தடிமனை மறந்துட்டியா?" என்று கேட்டார்.